மீடியம் வேவா, எஃப்.எம்.மா? நெல்லைச் சீமையில் ரேடியோ வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் கடையத்திலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். "அண்ணாச்சி, தாத்தாவுக்கு ஒரு ரேடியோ வாங்கணும். எஃப்.எம். மட்டும் உள்ளது ஒண்ணு, எஃப்.எம்.மும் ஏ.எம்.மும் ரெண்டும் உள்ளது ஒண்ணு காட்டுறாவ. ரெண்டாவதுக்கு நானூறு ரூவா கூட. அந்த ஏ.எம்., மீடியம் வேவ்ங்கிறாவளே, அது இப்ப தேவையா?" என்றான்.

"வீடு காரை வீடா, ஓட்டு வீடா?" என்று கேட்டேன்.

"ஓட்டு வீடு."

"தாத்தா திண்ணையில இருந்து கேப்பாரா, உள்ள வச்சுக் கேப்பாரா?"

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம் கேக்கிய?" என்று விழித்தான்.

அம்பாசமுத்திரத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்தக் கேள்வி நடுவில் பல வருஷம் காணாமல் போயிருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திரும்ப வந்திருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்ட அந்த இரண்டு மூன்று நாளில் பல ஊர்களில் கரண்டும் போனது, செல்போன் சிக்னலும் போனது. தண்ணீர் வடிந்ததும் பரண் மேலே கிடந்த பழைய செட்டுகளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தவர்கள் நிறைய. அவர்களுக்கெல்லாம் வாய்ப்பேச்சாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை மட்டும் பார்த்தால் எஃப்.எம். செட்டு ஜெயித்துவிடும். அதை ஓரமாக வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் கேட்கிற இடத்துக்கும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கும் எவ்வளவு தூரம், குறுக்கே என்ன நிற்கிறது என்பது. மலையா, கடலா, வெட்டவெளியா? இரண்டாவது, உங்கள் வீட்டிலும் பக்கத்திலும் மின்சார இரைச்சல் எவ்வளவு. மூன்றாவது, கேட்கப் போவது பேச்சா, பாட்டா. நான்காவது, பேட்டரியும் பராமரிப்பும். ஐந்தாவது, கரண்ட் போன ராத்திரியில் அது உதவுமா.

ஆறாவதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்: அந்த அலைவரிசையில் கேட்பதற்கு நிலையம் இருக்கிறதா? ஆல் இந்தியா ரேடியோவை நடத்துகிற பிரசார் பாரதி நாட்டில் பல இடங்களில் பழைய மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை நிறுத்திக்கொண்டு வருகிறது. அதனால் வாங்குவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு செட்டு ஒன்றை இரவல் வாங்கி, உங்கள் திண்ணையில் வைத்து, பகலில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை முள்ளை முழுக்க நகர்த்திப் பாருங்கள். என் பேச்சைவிட அந்தச் சோதனையை நம்பலாம்.

## ஒரு உடுக்கை, இரண்டு வித்தை

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வில்லடிக்கிறவருக்குப் பக்கத்தில் உடுக்கைக்காரர் இருப்பார். அவர் கையில் இரண்டு வித்தை உண்டு. விரலை ஓங்கி அடித்தால் சத்தம் பெருக்கும், மெல்லத் தட்டினால் சிறுக்கும், சுருதி மாறாது. இன்னொன்று, அடி ஒரே சீராக விழுந்துகொண்டிருக்க, உடுக்கையின் இடுப்பில் ஓடுகிற கயிற்றை இடது கையால் நெருக்குவார். சுருதி ஏறும். தளர்த்தினால் இறங்கும். உடுக்கை 'பேசுகிறது' என்று சொல்வது இந்த இரண்டாவது வித்தையைத்தான்.

ரேடியோவிலும் இதே கதை. நம் குரல் அப்படியே ஆகாயத்தில் தூரம் போகாது. அதைச் சுமந்து போக ஓர் அலை வேண்டும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஊர்தி அலை என்று படித்திருப்பீர்கள். திருநெல்வேலி வானொலியின் பழைய எண் 1197 கிலோ ஹெர்ட்ஸ் என்றால், அந்த ஊர்தி அலை வினாடிக்கு 11 லட்சத்து 97 ஆயிரம் தடவை ஏறி இறங்குகிறது என்று அர்த்தம். குரலுக்குத் தக்கபடி அந்த அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் அது ஏ.எம்., அதாவது வீச்சுப் பண்பேற்றம். உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அது துடிக்கிற வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் எஃப்.எம்., அதிர்வெண் பண்பேற்றம். (எஃப்.எம்.முக்கு மட்டும் பண்பலை என்று பெயர் வைத்துவிட்டோம். பண்பேற்றம் ஏ.எம்.முக்கும் உண்டு, பாவம், அதற்குப் பெயர் கிடைக்கவில்லை.)

இப்போது கொடை நடக்கிற இடத்தில் வேட்டுப் போடுகிறார்கள், பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்தச் சத்தமெல்லாம் உடுக்கைச் சத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். அடியின் வலுவில்தான் சேதி இருக்கிறது என்றால், எது அடி, எது வேட்டு என்று பிரிக்க முடியாது. சேதி சுருதியில் இருந்தால் கவலை இல்லை. எவ்வளவு சத்தமாக இருந்தாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது காதுக்குத் தெரியும். மின்னல், மோட்டார், மிக்சி எல்லாம் பெரும்பாலும் அலையின் உயரத்தைத்தான் கெடுக்கின்றன. எஃப்.எம். செட்டுக்குள்ளே வருகிற அலையின் உச்சியையும் பள்ளத்தையும் ஒரே மட்டத்தில் சீவிவிடுகிற ஒரு பகுதி உண்டு. இரைச்சலும் அதோடு சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும். ஏ.எம். செட்டில் அப்படிச் சீவினால் குரலும் போய்விடும்.

இதைக் கண்டுபிடித்துச் சாதித்தவர் அமெரிக்காவின் எட்வின் ஆம்ஸ்ட்ராங். ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர் 1922-லேயே, வேகத்தை மாற்றுகிற முறையால் அலைவரிசையில் இடம் மிச்சமாகாது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அது சரியான கணக்குதான். ஆம்ஸ்ட்ராங் அதைத் தலைகீழாகப் பிடித்தார்: இடத்தை மிச்சம் பிடிக்காதே, தாராளமாக எடுத்துக்கொள், இரைச்சல் ஒழியும். 1933-ல் காப்புரிமை கிடைத்தது. 1935-ல் நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய சபையில், தம்ளரில் தண்ணீர் ஊற்றுகிற சத்தத்தையும் காகிதம் கிழிகிற சத்தத்தையும் ரேடியோவில் கேட்கவைத்தார். அதுவரை ரேடியோவில் காகிதம் கிழிந்தால் நெருப்பு எரிகிற மாதிரித்தான் கேட்கும். நம் நாட்டில் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் முதலில் தொடங்கியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'ஏ.எம். தூரம் போகும், எஃப்.எம். போகாது' என்று எல்லாரும் சொல்கிறோம். அது ஏ.எம்.மின் குணம் இல்லை. அது ஏறி வருகிற அலையின் குணம். மீடியம் வேவ் அலை நீளமானது: 1197-ல் ஓர் அலையின் நீளம் 250 மீட்டர். எஃப்.எம். ஒலிபரப்பு நடக்கிற 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸில் அலை சுமார் 3 மீட்டர்தான். நீள அலை தரையை ஒட்டி வளைந்து போகும். குட்டை அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் இறங்குகிற விமானம் கோபுரத்தோடு பேசுவது 118 மெகா ஹெர்ட்ஸுக்கு மேலே, ஆனால் ஏ.எம்.மில். உவரியில் படகில் பேசுவதற்கு வைத்திருக்கிற கடல் வி.எச்.எஃப். செட்டு 156.8 மெகா ஹெர்ட்ஸில், எஃப்.எம்.மில். இரண்டுமே நேர்கோட்டில் மட்டும்தான் போகும்.

அப்படியென்றால் மீடியம் வேவிலேயே எஃப்.எம். போடக் கூடாதா? தூரமும் போகும், இரைச்சலும் இருக்காதே? இடம் இல்லை. மீடியம் வேவில் ஒரு நிலையத்துக்கு 9 கிலோ ஹெர்ட்ஸ் ஒதுக்கீடு. 531 முதல் 1602 வரை 120 நிலையத்துக்கு இடம் இருக்கிறது. ஓர் எஃப்.எம். நிலையத்துக்கோ சுமார் 180 கிலோ ஹெர்ட்ஸ் தேவை. ஆறு நிலையத்தோடு மொத்தப் பட்டையும் தீர்ந்துபோகும்.

## மீடியம் வேவ்: தூரமும் போகும், தூசியையும் வாரிக்கொண்டு வரும்

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து 20 கிலோவாட் மீடியம் வேவ். தூத்துக்குடியில் 1053-ல் 200 கிலோவாட். இலங்கைக்கான தமிழ் ஒலிபரப்புக்கு அதைப் பயன்படுத்தினார்கள். பத்து மடங்கு பெரிய அடி. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் சிலர் கிரிஸ்டல் செட்டில், அதாவது ஒரு காயில், ஒரு ஓ.ஏ.79 டயோடு, ஒரு காதுபேசி, இவ்வளவுதான், பேட்டரியே இல்லாமல் நெல்லை வானொலியைக் கேட்டார்கள். ஏ.எம்.மின் எளிமை அது. அலையின் உயரத்தைப் பின்தொடர ஒரு டயோடு போதும்.

அந்த எளிமைக்கு விலையை நிலையம் கொடுக்கிறது. 20 கிலோவாட் ஊர்தி அலையை முழுக்கப் பண்பேற்றம் செய்தால் மொத்தம் 30 கிலோவாட் வெளியே போகும். அதில் குரலைச் சுமப்பது ஊர்தி அலைக்கு இரண்டு பக்கமும் உண்டாகிற பக்கப்பட்டைகளில் இருக்கிற 10 கிலோவாட்தான். மிச்சம் 20, காலி வண்டியை இழுக்கிற மாடு மாதிரி. மின்கட்டணம் ஏறின காலத்தில் மீடியம் வேவ் நிலையங்கள் சுமையாகத் தெரிய இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தூர விஷயத்தில் இதை மிஞ்ச எஃப்.எம்.மால் முடியாது. பகலில் அலை தரையை ஒட்டிப் போகும். தரை எப்படிப்பட்டது என்பதையும் பொறுத்தது அது. ஈரமான வயல் நல்லது. தேரிக்காட்டுக் காய்ந்த செம்மணல் மோசம். எல்லாவற்றையும்விட உப்புக் கடல் மேல். மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற தண்ணீர் மேல் அலைக்கு நஷ்டம் குறைவு. நம் கடலோரத்தில் இலங்கை வானொலி பக்கத்து ஊர் நிலையம் மாதிரி கேட்டதற்கு இதுதான் காரணம். சூரியன் மறைந்ததும் இன்னொரு வழி திறக்கும். பகலில் மேலே போகிற அலையை விழுங்கிவிடுகிற ஒரு அயனி அடுக்கு ராத்திரி கலைந்துபோகும். அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டு அலை திரும்பக் கீழே வரும். கருக்கலுக்குப் பிறகு அம்பையில், அதாவது அம்பாசமுத்திரத்தில், உட்கார்ந்து திருச்சி 936-ஐயும் சென்னை 720-ஐயும் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் தேயும், கொஞ்ச நேரம் வளரும், ஆனால் வரும்.

பலவீனம் இரைச்சல். இருபது வருஷத்துக்கு முன்பு வீட்டில் குண்டு பல்பு எரிந்தது. அது ரேடியோவை ஒன்றும் செய்யாது. இப்போது வீட்டுக்குப் பத்து எல்.இ.டி. பல்பு, நான்கு சார்ஜர், ஒரு இன்வர்ட்டர், தோட்டத்தில் சோலார் பம்ப் கன்ட்ரோலர். எல்லாவற்றுக்குள்ளும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிற சர்க்யூட் இருக்கிறது. மலிவான சாமான் என்றால் அதன் குப்பை முழுக்க மீடியம் வேவில்தான் கொட்டும். 'ரேடியோ ரிப்பேர்' என்று என்னிடம் வருகிற ஏ.எம். செட்டுகளில் பாதிக்கு மேல் நல்ல செட்டுதான். பழுது வீட்டு பல்பில்.

இதற்கு இரண்டு கைவைத்தியம் உண்டு. செட்டுக்குள்ளே படுக்கை வாட்டில் ஒரு கருப்புக் கம்பி இருக்கும், ஃபெரைட் ராடு. அதுதான் ஏ.எம். ஏரியல். மேலே இழுத்து நீட்டுகிற கம்பிக்கும் மீடியம் வேவுக்கும் சம்பந்தம் இல்லை. கருப்புக் கம்பியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் அடங்கும். அதனால் செட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று குறையும். அப்புறம், இந்த செட்டை சார்ஜரில் போட்டபடி கேட்காதீர்கள். செல் போட்டுக் கேளுங்கள்.

காரை வீட்டுக்குள்ளே இது தடுமாறும். கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிப் பின்னல் நீள அலைக்குக் கூண்டு மாதிரி. ஓட்டு வீட்டில் அந்தத் தொந்தரவு இல்லை. அந்தத் தம்பியிடம் வீட்டைப் பற்றிக் கேட்டது இதற்குத்தான்.

பாட்டுக்கு இது சரிப்படாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 9 கிலோ ஹெர்ட்ஸ் இடத்தில் இரண்டு பக்கப்பட்டையும் அடங்க வேண்டுமென்றால், குரல் நாலரை கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே போகக் கூடாது. செய்தியும் விவசாயப் பேச்சும் தெளிவாக இருக்கும். நாகஸ்வரம் போர்வை மூடிக்கொண்டு வாசித்த மாதிரி இருக்கும்.

## எஃப்.எம்.: கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும்

பாட்டு கேட்கிறவர்களுக்கு எஃப்.எம். என்பதில் விவாதமே இல்லை. 15 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும், ஸ்டீரியோவும் உண்டு. முக்கூடல் பக்கம் மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற அக்காமார் கேட்பது இதைத்தான்; அவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

எல்லைதான் சிக்கல். நேர்கோட்டில் போகிற அலை, பூமி வளைகிற இடத்தில் நின்றுவிடும். கணக்கு எளிது: கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்குங்கள். உங்கள் செட்டு இருக்கிற உயரத்துக்கும் அதே மாதிரி செய்து இரண்டையும் கூட்டினால் கிலோமீட்டர் கிடைக்கும். 100 மீட்டர் கோபுரம், திண்ணையில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் ரேடியோ என்றால் சுமார் 46 கி.மீ. அதையே 9 மீட்டர் மாடியில் வைத்தால் சுமார் 54. இப்போது வரைபடத்தைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, சங்கரன்கோவில், உவரி மூன்றுமே நேர்கோட்டில் ஏறக்குறைய 50 கி.மீ. அதாவது மூன்று ஊரும் விளிம்பில் நிற்கின்றன. அங்கே தரையில் வராத நிலையம் மாடியில் வருவது கோபுரத்தின் தப்போ செட்டின் தப்போ இல்லை.

கோபுரம் மலை மேல் இருந்தால் கதையே வேறு. கொடைக்கானல் பண்பலை 100.5-ல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து பேசுகிறது. அதே கணக்கில் அதன் அடிவானம் கிட்டத்தட்ட 190 கி.மீ. கோவில்பட்டிப் பக்கம் மொட்டைமாடியில் அது கேட்பதில் ஆச்சரியம் இல்லை. குறுக்கே இன்னொரு மலை நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

மலை எங்களுக்குச் செய்கிற இன்னொரு வேலையும் உண்டு. அம்பை, விக்கிரமசிங்கபுரம், கடையம் ஆகிய ஊர்களுக்குக் கிழக்கே கோபுரம், மேற்கே பொதிகை மலைச் சுவர். கிழக்கிலிருந்து நேராக வருகிற அலை ஒன்று, மலையில் மோதித் திரும்பி வருகிற அலை ஒன்று. மலை 6 கி.மீ. பின்னால் என்றால், திரும்பி வருவது 12 கி.மீ. கூடச் சுற்றி, வினாடியில் லட்சத்தில் நான்கு பங்கு பிந்தி வரும். அவ்வளவு சின்னப் பிந்தல் போதும். 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் தகரத்தைக் கீறின மாதிரி இருக்கும். இது இரைச்சல் இல்லை. அதனால் செட்டால் சீவி எறிய முடியாது. அலை 3 மீட்டர் என்பதால் செட்டை முக்கால் மீட்டர் தள்ளி வைத்தாலே இரண்டு அலையும் சேர்கிற விதம் மாறிவிடும். ஜன்னலுக்கு இந்தப் பக்கத்தில் கரகரத்தது அந்தப் பக்கத்தில் தேனாகக் கேட்கும். மலைக்கு அந்தப் பக்கம், காரையாறு மாதிரிப் பள்ளத்தில் ஆள் இருந்தால் நம்பி வாங்க வேண்டாம். இல்லையென்றால் இல்லைதான்.

எஃப்.எம். விழுகிற விதமும் வேறு. ஏ.எம். சிக்னல் குறையக் குறைய இரைச்சல் ஏறும், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு செய்தியைப் பிடித்துவிடலாம். எஃப்.எம். ஓர் அளவு வரை ஒன்றும் தெரியாமல் ஓடும். அதற்குக் கீழே போனால் ஒரேயடியாக 'ஷ்ஷ்' என்று ஆகிவிடும். ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வந்து விழுந்தால் பலமானது மட்டும் கேட்கும், மற்றது அடியோடு மறையும். செங்கோட்டைப் பாதையில் பஸ்ஸில் போகும்போது ஒரு வளைவில் தமிழ், அடுத்த வளைவில் மலையாளம் என்று மாறுவது இதனால்தான். விமானங்கள் ஏ.எம்.மை விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டு விமானி ஒரே நேரத்தில் பேசினால் கச்சாமுச்சா என்று கேட்டாலும், இன்னொருவர் பேசுகிறார் என்பதாவது கோபுரத்துக்குத் தெரிய வேண்டும்.

மறைமுகச் செலவு ஏரியல்தான். விளிம்பு ஊர்க்காரர்கள் செட்டின் கம்பியை நம்பாமல், மாடியில் இரண்டு கை உள்ள ஏரியல் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் சுமார் 71 செ.மீ. அலுமினியக் குழாய் அல்லது தடித்த செம்புக் கம்பி, நடுவிலிருந்து கேபிள் வயர். கேபிள் டிவிக்கு இழுத்த பழைய வயர் மிச்சம் இருந்தால் அதுவே போதும். ஏரியல் மாட்ட இடம் உள்ள செட்டு மட்டும் வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்; மலிவான செட்டுகளில் அந்தத் துளை இருக்காது.

## செல்போன் போதாதா?

தினப்படிக்குப் போதும். ஆனால் மூன்று விஷயம். இயர்போன் துளை இல்லாத புதுப் போன்களில் எஃப்.எம். அநேகமாக இருக்காது, இருந்த போன்களிலும் இயர்போன் வயர்தான் ஏரியல். ஆப் வழியாகக் கேட்டால் வினாடிக்கு 64 கிலோபிட் ஓட்டத்தில் மணிக்கு ஏறக்குறைய 29 எம்.பி. செலவாகும், நாளைக்கு நான்கு மணி நேரம் கேட்டால் 115 எம்.பி. மூன்றாவதை வெள்ளத்தில் பார்த்துவிட்டோம். செல் கோபுரத்துக்கும் கரண்ட் வேண்டும்.

## பட்டியலாக

| பார்க்க வேண்டியது | மீடியம் வேவ் | எஃப்.எம். | செல்போன் ஆப் |
|---|---|---|---|
| தூரம் | பகலில் நிலையத்தின் பலத்தைப் பொறுத்து. ராத்திரி வெகு தூரம் | சாதாரணக் கோபுரம் என்றால் 50 கி.மீ. அளவு | சிக்னல் உள்ள இடமெல்லாம் |
| மலை மறைவு | பெரும்பாலும் சமாளிக்கும் | வராது, அல்லது கரகரக்கும் | கோபுரத்தைப் பொறுத்தது |
| கடல் மேல் | மிக நல்லது | கரை கண்ணுக்குத் தெரிகிற வரை | கரையோரம் மட்டும் |
| காரை வீட்டுக்குள் | திணறும் | ஜன்னலோரம் நல்லது | நல்லது |
| எல்.இ.டி., மோட்டார் இரைச்சல் | அதிகம் பாதிக்கும் | அநேகமாக இல்லை | இல்லை |
| பாட்டு | சுமார் | அருமை | அருமை |
| மறைமுகச் செலவு | நல்ல பல்பு, செல் | மாடி ஏரியல் | டேட்டா, பழைய போனுக்குப் புதுப் பேட்டரி |

## யாருக்கு எது

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று ஊருக்குள்ளே காரை வீட்டில் இருப்பவர்களுக்கு எஃப்.எம். மட்டும் உள்ள செட்டு தாராளம். நானூறு ரூபாயை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இரண்டும் உள்ளது, சந்தேகமே இல்லாமல். கரையை விட்டு விலகினால் எஃப்.எம். தேயும். மீடியம் வேவில் இன்னொரு உபயோகமும் உண்டு: நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால், தூரத்து மின்னல் ஒவ்வொன்றும் 'கிரக்' என்று கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கிரக் நெருங்கி நெருங்கி வந்தால் வலையைச் சுருட்டலாம். வானிலை எச்சரிக்கைக்கு அது மாற்று ஆகாது. படகில் வி.எச்.எஃப். செட்டு இருந்தால் அவசர அழைப்புக்கான 16-வது சேனலைத் திறந்தே வையுங்கள்.

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் தோட்டத்து மோட்டார் அறையில் வைத்துக் கேட்பவர்கள் எஃப்.எம். பக்கம் சாயலாம். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மீடியம் வேவ் அவதி. மரத்தடிக்குத் தள்ளி உட்கார்ந்து கேட்கிற ஆள் என்றால் இரண்டும் உள்ளது.

மலையடிவார ஊர்களில் ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில். மேலே சொன்ன இரவல் செட்டுச் சோதனையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெள்ளம், புயலுக்கென்று வீட்டில் ஒன்று வைத்திருக்க நினைத்தால், இரண்டும் உள்ள, சாதாரண செல் போடுகிற செட்டு. உள்ளே லித்தியம் பேட்டரி மட்டும் உள்ளது வேண்டாம். சார்ஜ் தீர்ந்தால் கரண்டுக்குக் காத்திருக்க வேண்டும். செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள். அடுத்த மழைக்காலம் வந்ததும் திறந்து பார்த்தால் செல் கசிந்து ஸ்பிரிங் பச்சைபிடித்துப் போன செட்டுகள் ஐப்பசிக்கு ஐப்பசி என் மேஜைக்கு வருகின்றன.

கடையில் 'எட்டு பேண்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் ஆறு ஷார்ட் வேவைத் துண்டு துண்டாக நறுக்கினதுதான். கேட்க ஆசை இருந்தால் வாங்கலாம்; தாத்தாவுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

கடையத்துத் தம்பி இரண்டும் உள்ளதை வாங்கிக்கொண்டு போனான். நாலாம் நாள் போன் வந்தது. "அண்ணாச்சி, பகல்ல நல்லா இருக்கு. ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில வச்சா ஒரே இரைச்சல். செட்டை மாத்தித் தருவாங்களா?"

"திண்ணையில லைட்டு எது?"

"போன வாரம் புதுசா போட்டது. அம்பது ரூவா பல்பு."

"அதை அணைச்சுட்டுப் போடச் சொல்லு."

போனைக் கையில் வைத்துக்கொண்டே போய் அணைத்தான். இரைச்சல் நின்று யாரோ உரம் போடுவதைப் பற்றிப் பேசுவது எனக்கே கேட்டது. நல்ல பல்பு ஒன்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் தாத்தா இருட்டில் உட்கார்ந்து கேட்கிறாராம். வாசலில் விளக்கு இல்லாமல் இருந்தால் என்ன ஆகிறது என்று ஆச்சிதான் சத்தம் போடுகிறார்களாம்.